அந்தப் பக்கம் போனா ஏன் குறி மாறுது?

எட்டாம் வகுப்பைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இயற்கணிதத்தில் ஒரு வாக்கியம் நினைவில் இருக்கும்: "அந்தப் பக்கம் போனா குறி மாறும்." பிளஸ் போனா மைனஸ், மைனஸ் போனா பிளஸ், பெருக்கல் போனா வகுத்தல். சூத்திரங்கள் எல்லாம் மறந்து போனவர்களுக்குக்கூட இது மறப்பதில்லை. ஆனால் "ஏன் மாறுது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "அது அப்படித்தான், ரூல்" என்றுதான் பதில் வரும்.

இந்தக் குறிப்பில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். வாக்கியம் தப்பில்லை. ஆனால் அது மூன்று வரி வேலையை இரண்டு வரியாக மடித்து வைத்த ஒரு சுருக்கம். மடிப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அது நேரத்தை மிச்சம் பண்ணும். தெரியாத பிள்ளைக்கு அது ஒரு மந்திரம். எந்த இடத்தில் அது பலிக்கும், எந்த இடத்தில் காலை வாரும் என்று அந்தப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. "எனக்குக் கணக்கு வராது" என்று பல பிள்ளைகள் முடிவு கட்டுவது சரியாக இந்த இடத்தில்தான் என்பதால், கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

ஒரு சின்ன ஏற்பாடு. பாடப்புத்தகத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று போடுவார்கள். நான் இங்கே ய என்று எழுதுகிறேன். பழைய இந்திய பீஜகணித நூல்களில் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்பார்கள். "எவ்வளவோ அவ்வளவு" என்று அர்த்தம். அதைச் சுருக்கி 'யா' என்று எழுதுவார்கள். அதிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் இந்த ய.

விதியைப் பின்பற்றியே வரும் தப்புகள்

இந்த நான்கு விடைகளையும் பாருங்கள். டியூஷன் எடுக்கிறவர்களுக்கு எல்லாமே பழகிய முகங்களாக இருக்கும்.

முதலாவது: 3ய = 12. "3 அந்தப் பக்கம் போகுது, குறி மாறும்." எனவே ய = 12 − 3 = 9.

இரண்டாவது: −2ய = 10. "மைனஸ் 2 அந்தப் பக்கம் போனா பிளஸ் 2. பெருக்கல் வகுத்தல் ஆகும்." எனவே ய = 10/2 = 5.

மூன்றாவது: 5 − ய = 2. "5 அந்தப் பக்கம் போச்சு." எனவே ய = 2 − 5 = −3.

நான்காவது: ய/4 + 3 = 7. "வகுத்தலில் இருக்கிற 4 அந்தப் பக்கம் போனா பெருக்கல்." எனவே ய + 3 = 28, ய = 25.

நான்குமே தப்பு. சரியான விடைகள் முறையே 4, −5, 3, 16. ஆனால் இதை எழுதிய பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. சொல்லிக் கொடுத்த வாக்கியத்தைத்தான் அது கடைப்பிடித்திருக்கிறது. இரண்டாவது கணக்கில் ஒரே எண்ணுக்கு இரண்டு விதியையும் சேர்த்துப் போட்டுவிட்டது. நான்காவதில் 4-ஐ ஒரே ஒரு உறுப்பிலிருந்து மட்டும் தூக்கி அனுப்பிவிட்டது. "இங்கே மாறாது, அங்கே மாறும்" என்று நாம் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு துணைவிதி சொன்னால், ஒரு விதி ஆறு விதியாகும். ஆறையும் நினைவில் வைத்து, எது எப்போது என்று முடிவு செய்ய வேண்டிய சுமை பிள்ளையின் தலையில் விழும்.

துணைவிதியே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. அதற்கு முதலில் நடுவில் இருக்கிற அந்த இரண்டு கோட்டைப் பார்க்க வேண்டும்.

"=" என்ன சொல்கிறது?

ஒன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளை பார்த்த "=" எல்லாம் ஒரே மாதிரி: 5 + 3 = என்று போட்டு, பக்கத்தில் ஒரு காலியிடம். கால்குலேட்டரிலும் "=" அமுக்கினால் விடை வரும். ஆக, "=" என்றால் "இப்போ விடையை எழுது" என்ற கட்டளை என்று மனசில் பதிந்துவிடுகிறது. பிள்ளைகள் 5 + 3 = 8 + 2 = 10 என்று ஒரே ஓட்டத்தில் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன்படி 5 + 3-ம் 10-ம் சமம் என்று ஆகிறது! எழுதியவருக்கு அது உறுத்தவே உறுத்தாது, ஏனென்றால் அவருக்கு "=" என்பது ஓர் அம்புக்குறி.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அமெரிக்காவில் ஃபாக்னர், லெவி, கார்பென்டர் ஆகியோர் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரையைச் சொல்வார்கள். கேள்வி இதுதான்: 8 + 4 = □ + 5. பெட்டியில் என்ன வரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டதில், அத்தனை பேரும் சொன்னது 12 அல்லது 17. இடப்பக்கத்தைக் கூட்டி 12 என்றவர்கள் ஒரு வகை. கண்ணில் பட்டதை எல்லாம் கூட்டி 17 என்றவர்கள் இன்னொரு வகை. 7 என்று யாரும் சொல்லவில்லை.

"=" குறியை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், 1557-ல். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட அதிகச் சமமாக வேறு எதுவும் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதாவது அந்தக் குறி பிறக்கும்போதே "இதுவும் அதுவும் ஒரே அளவு" என்ற செய்தியோடுதான் பிறந்தது. இடமிருந்து வலமாகவும் படிக்கலாம், வலமிருந்து இடமாகவும் படிக்கலாம். 22 = 3ய + 7 என்றாலும் 3ய + 7 = 22 என்றாலும் ஒன்றேதான்.

சமன்பாடு பாடத்துக்கு முன்னால் ஒரு வாரம் 8 + 4 = □ + 5, 20 − □ = 9 + 6 மாதிரிக் கணக்குகளை மட்டும் போட வைத்தால் போதும். ய வருவதற்கு முன்பே "=" நேராகிவிடும்.

மடிப்பைப் பிரிப்போம்

இப்போது 3ய + 7 = 22. ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மெஷின் இல்லை, இரண்டு தட்டு உள்ள பழைய தராசு. இடது தட்டில் ஒரே எடையுள்ள மூன்று பொட்டலம், கூடவே 7 கிலோ படிக்கல். வலது தட்டில் 22 கிலோ. முள் நடுவில் நிற்கிறது. ஒரு பொட்டலம் எத்தனை கிலோ?

இடது தட்டிலிருந்து 7 கிலோவை எடுத்தால் தராசு சாயும். சாயாமல் இருக்க வலது தட்டிலிருந்தும் 7 கிலோவை எடுக்கணும். அப்படியே எழுதினால்:

3ய + 7 = 22
3ய + 7 − 7 = 22 − 7
3ய = 22 − 7

இப்போது நடு வரியைக் கையால் மறைத்துவிட்டு மேல் வரியையும் கீழ் வரியையும் மட்டும் படித்துப் பாருங்கள். இடப்பக்கம் இருந்த +7 காணாமல் போச்சு, வலப்பக்கம் −7 வந்து உட்கார்ந்திருக்கு. பார்க்கிறவர் கண்ணுக்கு 7 "அந்தப் பக்கம் போய் குறி மாறின" மாதிரி இருக்கிறது. உண்மையில் எதுவும் எங்கேயும் போகவில்லை. இடப்பக்கத்து +7-ஐ ஒரு −7 அடித்துவிட்டது. அதே −7 வலப்பக்கத்திலும் போடப்பட்டது. நம் கண்ணில் படுவது அந்த இரண்டாவது −7. குறி மாறுவதன் முழு ரகசியமும் அந்த மறைந்த நடு வரிதான்.

அடுத்த படி:

3ய = 15
3ய ÷ 3 = 15 ÷ 3
ய = 5

இங்கேயும் நடு வரியை மறைத்தால் "பெருக்கல் 3 அந்தப் பக்கம் போய் வகுத்தல் ஆச்சு" என்று தெரியும். முன்பு கழித்ததும் இப்போது வகுத்ததும் இரண்டு தனித்தனி விதி இல்லை. இடப்பக்கத்தில் ய-வோடு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அதை நீக்கும் வேலையை இரண்டு பக்கமும் செய்கிறோம். கூட்டி இருந்தால் கழிப்போம்; பெருக்கி இருந்தால் வகுப்போம்.

இதை வைத்து முதல் இரண்டு தப்பையும் பார்த்தால் பிள்ளைக்கே பிடிபடும். 3ய = 12-ல் இரண்டு பக்கமும் 3-ஐக் கழித்தால் இடப்பக்கம் 3ய − 3 என்றுதான் நிற்கும், ய என்று ஆகாது. −2ய = 10-ல் ய-வோடு ஒட்டியிருப்பது −2 என்ற முழு எண். எனவே இரண்டு பக்கமும் −2-ஆல் வகுக்கணும்: ய = −5. குறியை மாற்றுகிற பேச்சே இல்லை.

எதை முதலில் எடுப்பது?

3ய + 7 = 22-ல் முதலில் 3-ஆல் வகுக்கக் கூடாதா? தாராளமாக வகுக்கலாம். ஆனால் தராசில் இருக்கிற எல்லாவற்றையும் வகுக்கணும்: ய + 7/3 = 22/3. அப்புறம் 7/3-ஐக் கழித்தால் ய = 15/3 = 5. அதே விடைதான். பின்னம் வந்து தொந்தரவு கொடுக்கும், அவ்வளவுதான். 3ய-வையும் 22-ஐயும் மட்டும் வகுத்துவிட்டு 7-ஐ மறந்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு.

எளிதான வரிசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ய-வுக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். "ஒரு எண், அதை 3-ஆல் பெருக்கினோம், அப்புறம் 7 கூட்டினோம், 22 வந்துது." பிரிக்கும்போது கடைசியில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கணும். காலையில் சாக்ஸ் போட்ட பிறகு ஷூ போடுகிறோம். சாயங்காலம் ஷூவைத்தானே முதலில் கழட்டுகிறோம்? அதே மாதிரி முதலில் 7-ஐக் கழட்டு, அப்புறம் 3-ஐ.

நான்காவது தப்பு இங்கே சரியாகும். ய/4 + 3 = 7. "ஒரு எண், அதை 4-ஆல் வகுத்தோம், 3 கூட்டினோம்." முதலில் 3-ஐக் கழிக்கணும்: ய/4 = 4. பிறகு 4-ஆல் பெருக்கணும்: ய = 16. இல்லை, முதலிலேயே 4-ஆல் பெருக்கித்தான் ஆவேன் என்றால் எல்லாவற்றையும் பெருக்கணும்: ய + 12 = 28. அதிலும் ய = 16.

தராசு உடையும் இடம்: இரண்டு குதிரைக்காரர்கள்

தராசு நல்ல உவமைதான், ஆனால் ஓர் எல்லை வரைக்கும்தான். 4ய − 100 என்பதைத் தட்டில் எப்படி வைப்பது? மைனஸ் 100 கிலோ படிக்கல் எந்தக் கடையிலும் கிடைக்காது. குறை எண் வந்ததும் தராசு கைவிட்டுவிடும்.

இந்த இடத்துக்கு 800 வருஷத்துக்கு மேல் பழைய ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் வருவது. என் வார்த்தையில்: ஒருவரிடம் 6 குதிரையும் 300 காசும் இருக்கிறது. இன்னொருவரிடம் 10 குதிரை இருக்கிறது, ஆனால் 100 காசு கடன். எல்லாக் குதிரைக்கும் ஒரே விலை. இருவரின் சொத்து மதிப்பும் சமம். ஒரு குதிரை என்ன விலை?

அந்தக் காலத்தில் "=" கிடையாது. இரண்டு பக்கத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவார்கள்:

யா 6 ரூ 300
யா 10 ரூ 100

கீழ் வரியில் 100-க்கு மேலே ஒரு புள்ளி இருக்கும். புள்ளி வைத்தால் அது கடன், அதாவது குறை எண். 'ரூ' என்பது ரூபம், தெரிந்த எண்ணைக் குறிப்பது. நம் முறையில் எழுதினால்: 6ய + 300 = 10ய − 100.

இதைத் தராசு இல்லாமல், இரண்டு பேருடைய சொத்தாகவே நினைத்துச் செய்வோம். இருவரும் சமம். இருவரிடமிருந்தும் ஆளுக்கு 6 குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் மிச்சமும் சமமாகத்தான் இருக்கும்:

300 = 4ய − 100

இப்போது யாரோ ஒரு புண்ணியவான் இருவருக்கும் ஆளுக்கு 100 காசு கொடுக்கிறார். முதலாமவர் கையில் 400. இரண்டாமவர் வாங்கிய 100-ஐ வைத்துக் கடனை அடைத்துவிட்டார். அவரிடம் 4 குதிரை மட்டும், கடன் இல்லை.

400 = 4ய
100 = ய

ஒரு குதிரை 100 காசு. சரிபார்ப்போம்: முதலாமவர் 600 + 300 = 900. இரண்டாமவர் 1000 − 100 = 900. சரி.

"மைனஸ் 100 அந்தப் பக்கம் போய் பிளஸ் 100 ஆச்சு" என்று நாம் சொல்வது இந்தக் கதையில் எங்கே நடந்தது? கடன் யாருக்கும் போகவில்லை. ஒருவர் கடனை அடைக்கக் கொடுத்த அதே தொகையை மற்றவருக்கும் கொடுத்தோம், சமம் கெடாமல் இருக்க. குறை எண் என்றால் பயப்படுகிற பிள்ளைக்கும் கடன் என்றால் உடனே புரிந்துவிடும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 3ய + 7 = 22-ஐ ஒரு பிள்ளை சமன்பாடே தெரியாமல் 22-லிருந்து பின்னோக்கி வந்து போட்டுவிடலாம்: 22 − 7 = 15, 15 ÷ 3 = 5. முழுக்க எண்கணிதம்தான். ய இரண்டு பக்கமும் வந்துவிட்டால் பின்னோக்கி வர ஒரு தொடக்கப்புள்ளி கிடையாது. தெரியாத எண்ணையே எடுத்துக் கழிக்க வேண்டும், விலை தெரியாத 6 குதிரையை ஓட்டிப் போன மாதிரி. எண்கணிதத்துக்கும் இயற்கணிதத்துக்கும் நடுவில் இருக்கும் வெட்டு இதுதான் என்று மெக்ஸிகோ ஆய்வாளர்கள் ஃபிலோயும் ரோஹானோவும் 1989-ல் எழுதினார்கள். பாடத்தில் இது ஒரே நாளில் தாண்டிப் போகும். பிள்ளைக்கு அது ஒரு வாரத்து வேலை.

விதியின் பூர்வீகம்

"அல்ஜீப்ரா" என்ற பெயரிலேயே நம் நடு வரி ஒளிந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இரண்டு சொற்கள் வருகின்றன: அல்-ஜப்ர், அல்-முகாபலா. 'ஜப்ர்' என்றால் உடைந்ததைப் பழையபடி சேர்ப்பது, குறைந்ததை நிறைப்பது. ஸ்பானிய மொழியில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்ற சொல் ஒரு காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரையும் குறித்தது, அதே வேர்தான்.

நம் மூன்றாவது தப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். 5 − ய = 2. இது ஒரு குறைபட்ட 5. அதிலிருந்து ய உடைந்து போயிருக்கிறது. ய-வைத் திருப்பிக் கொடுத்தால் 5 முழுசாகும். ஆனால் வலப்பக்கத்துக்கும் அதே ய-வைக் கொடுக்கணும்:

5 − ய + ய = 2 + ய
5 = 2 + ய
3 = ய

குறைந்ததை இப்படி இரண்டு பக்கமும் நிறைப்பது அல்-ஜப்ர். இரண்டு பக்கமும் இருக்கிற ஒரே வகைப் பொருளை நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது அல்-முகாபலா, இருவரிடமிருந்தும் 6 குதிரையை ஓட்டிப் போனது மாதிரி. ஆக, நாம் "குறி மாறும்" என்று சொல்லிக் கொடுப்பது இந்த இரண்டு வேலையின் நிழலைத்தான்.

பின்னம் வந்தால்

ய/2 + ய/3 = 10. இங்கே குறுக்குப் பெருக்கல் போட ஆரம்பிக்கும் பிள்ளைகள் அதிகம். ஏன் போடுகிறாய் என்றால் "பின்னம் இருக்கே" என்பார்கள். இரண்டு பக்கமும் அதே வேலை என்ற ஒரே விதி போதும். 2-ம் 3-ம் ஒழிய எதனால் பெருக்கலாம்? மீச்சிறு பொது மடங்கு 6.

6 × ய/2 + 6 × ய/3 = 6 × 10
3ய + 2ய = 60
5ய = 60
ய = 12

சரிபார்த்தால் 6 + 4 = 10.

இப்போது (ய + 1)/2 = (ய + 4)/3. இங்கேயும் 6-ஆல் பெருக்கினால் 3(ய + 1) = 2(ய + 4) என்று வரும். குறுக்குப் பெருக்கல் என்று தனியாகக் கற்றுக்கொடுப்பது இதேதான்: பக்கத்துக்கு ஒரே ஒரு பின்னம் இருக்கும்போது, பகுதிகளின் பெருக்கலால் இரண்டு பக்கத்தையும் பெருக்கியதன் சுருக்கம். அதனால்தான் முந்தின கணக்கில், ஒரே பக்கத்தில் இரண்டு பின்னம் கூட்டலில் இருந்தபோது, அது பொருந்தவில்லை. மீதி வேலை: 3ய + 3 = 2ய + 8, ய = 5. இரண்டு பக்கமும் 3 வருகிறது.

செய்யக் கூடாத ஒரே வேலை

இரண்டு பக்கமும் எதை வேண்டுமானாலும் செய்யலாமா? ஒரு நிபந்தனை இருக்கிறது: செய்ததைத் திருப்பி எடுக்க முடியணும். 7 கழித்தால் 7 கூட்டித் திரும்பி வரலாம். 3-ஆல் வகுத்தால் 3-ஆல் பெருக்கித் திரும்பி வரலாம். 0-வால் பெருக்கினால்? எந்தச் சமன்பாடும் 0 = 0 ஆகிவிடும்; அதிலிருந்து பழைய சமன்பாட்டுக்குத் திரும்ப வழியே இல்லை. 0-வால் வகுக்கவோ முடியவே முடியாது.

இது வெறும் சட்டம் இல்லை, கணக்கில் கடிக்கும். 5ய = 3ய என்று கொடுத்தால் "ய-வும் ய-வும் கேன்சல், 5 = 3, தப்பு, விடை கிடையாது" என்று எழுதுவார்கள். கேன்சல் என்றால் ய-வால் வகுப்பது. ய-வே 0-வாக இருந்தால்? இங்கே அதுதான் விஷயம். வகுக்காமல் 3ய-வைக் கழித்தால் 2ய = 0, ய = 0. விடை இருக்கிறது, கேன்சல் பண்ணும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

சில சமயம் நேர்மையாகச் செய்தாலே ய மறைந்துவிடும். 2ய + 6 = 2ய + 9-ல் இரண்டு பக்கமும் 2ய-வைக் கழித்தால் 6 = 9. அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் இது உண்மையாகாது, தீர்வே இல்லை. 2ய + 6 = 2(ய + 3)-ல் கடைசியில் 6 = 6 வரும். எந்த எண்ணைப் போட்டாலும் உண்மை. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த இடத்தில் "எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்" என்று அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். "=" என்ன சொல்கிறது என்று தெரிந்தவர் அதையே விடையாகப் படிப்பார்.

வாழ்க்கைக் கணக்கு ஒன்று

ஒரு தெருவில் இரண்டு ஜெராக்ஸ் கடை. முதல் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய், ஸ்பைரல் பைண்டிங் 40 ரூபாய். இரண்டாவது கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், பைண்டிங் 70. எங்கே போடுவது லாபம்?

முதலில் ய என்றால் என்ன என்று ஒரு முழு வாக்கியமாக எழுதணும்: "ய என்பது பக்கங்களின் எண்ணிக்கை." வெறுமனே "ய = பக்கம்" என்று எழுதினால் 2ய என்பது 2 பக்கமா, 2 ரூபாயா என்ற குழப்பம் கடைசிவரை வரும். அடுத்து, எதுவும் எதுவும் சமம்? இரண்டு கடையின் பில்லும் சமமாக வரும் இடத்தைத் தேடுகிறோம்.

2ய + 40 = 1.5ய + 70

இரண்டு பக்கமும் 1.5ய கழித்து, 40 கழித்தால் 0.5ய = 30. இரண்டு பக்கமும் 2-ஆல் பெருக்கினால் ய = 60. இரண்டு கடையிலும் 60 பக்கத்துக்கு 160 ரூபாய். பக்கம் அதைவிடக் குறைந்தால் முதல் கடை, கூடினால் இரண்டாவது கடை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு போகிற கல்லூரிப் பிள்ளைக்கு வேண்டிய பதில் இதுதான்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

சுருக்கத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. பரீட்சையில் நேரம் முக்கியம். பெரிய கணக்குகளில் நடு வரியை எல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. வரிசையை மட்டும் மாற்றலாம். முதல் இரண்டு வாரம் நடு வரி கட்டாயம், வேறு நிற பேனாவில் எழுதட்டும். ஒவ்வொரு விடையையும் முதல் வரியில் போட்டுச் சரிபார்க்கட்டும். அப்போதுதான் விடை சரியா என்று வாத்தியார் முகத்தையோ புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையோ பார்க்க வேண்டியிருக்காது. அதற்குள் பாதிப் பேர் "மிஸ், இந்த நடு வரியை எழுதணுமா?" என்று தாங்களாகவே கேட்பார்கள். அப்போது ஒரு வரியைக் காட்டி, "இங்கே என்ன விட்டுட்டே, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லிவிட்டால், அன்றிலிருந்து "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று அந்தப் பிள்ளை தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.